நடுக்கடலில் மாப்பிள்ளை

கப்பித்தேனிடம் சவரம் செய்துகொண்டு சீக்கிரம் வீடு திரும்பியவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலேயே கிடையாது. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்திராத அந்தச் சலூன்காரருக்கு, கேப்டன் என்பதன் பிரெஞ்சுச் சொல்லைத் தெருவே பட்டமாகச் சூட்டியிருந்தது.

காரணம், மார்செய்க்கும் சைகோனுக்கும் போய்வந்த ஒரு பயணிகள் கப்பல். அதில் அவருடைய தாத்தா சவரக்கடை வைத்திருந்தார். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டேதான் சவரம் செய்வார். நம் இடது கன்னத்தில் கத்தி ஓடும்போது கப்பலில் பியானோ ஒலிக்கும், சீமாட்டிகள் ஆடுவார்கள். வலது கன்னத்துக்கு வருவதற்குள் உலக யுத்தம் வந்துவிடும். பியானோவை இறக்கிப் பீரங்கியை ஏற்றுவார்கள். வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசிக் கடற்படையில் சேர்த்துவிடுவார்கள். குண்டு விழத் தொடங்கியதும் கப்பித்தேன் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்.

"சண்ட நடக்கறப்ப கத்தி வெக்க மாட்டேன் சார். கை ஆடும். கழுத்து உங்களுது."

கப்பல் மூழ்கும்வரை பாதி முகத்தோடு காத்திருக்க வேண்டும். அது லேசில் மூழ்காது. உயிர்காக்கும் படகுகளை ஒவ்வொன்றாக இறக்குவார். கடைசியில் தாத்தா கப்பலோடு மூழ்கிப்போவார். கப்பித்தேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது கன்னத்தைத் தொடங்குவார்.

என் தம்பி செல்வம் தன் கல்யாணத்தன்று காலையில் போய் அங்கே உட்கார்ந்தான்!

நான் தேடிப் போனபோது பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் போன் அடித்தது. மணப்பெண்.

"எங்க இருக்கீங்க?"

"நடுக்கடல்ல."

அடுத்த நிமிஷம் பெண்ணின் மாமா ஆட்டோவில் வந்து குதித்தார். "யோவ், முகூர்த்தம் போவுது! மாப்ள பாதி மூஞ்சியோடவா தாலி கட்டுவாரு?"

"குண்டு விழுவுது சார், கொஞ்சம் இருங்க" என்றார் கப்பித்தேன்.

"எங்க விழுவுது?"

"இஞ்சின் ரூம்ல."

"அய்யய்யோ!" மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் கத்தினேன்: "கப்பித்தேன், இன்னும் கால் மணி நேரந்தான் இருக்குது!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நுரை காய்ந்த முகத்தோடு விழித்த தம்பியைப் பார்த்தார். கத்தியைக் கையில் எடுத்தார்.

"கப்பல் புகையப் போட்டுத் தப்பிச்சிடுச்சி. துறைமுகம் வந்திடுச்சி. எல்லாரும் எறங்கிட்டாங்க."

கத்தி பறந்தது. தம்பி வழவழவென்ற முகத்தோடு, மூச்சு வாங்க, நேரத்துக்குத் தாலி கட்டினான்.

மதியம் பந்தியில் கப்பித்தேனைப் பிடித்தேன். "தாத்தாவும் எறங்கிட்டாராமே?"

"என்னா பண்றது சார், புள்ளைக்கு நேரமாச்சில்ல" என்றார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அவரும் ஒரு கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஆச்சி" என்று சிரித்தார்.

அவர் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொன்னேன்.