சத்தம் போடாத ரிலே

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று நீங்கள் அலறினால் பாம்பைப் பார்க்க மாட்டார்கள். உங்களைப் பார்ப்பார்கள். "எதுக்கு இப்படிக் கத்துறே?" என்பார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னவனுக்கு வாய் நீளம். மாடு இளைத்துவிட்டது என்று சொன்னவனுக்குக் கொள்ளிக்கண். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அமைதி விரும்பிகள். எங்கும் வளர்வார்கள் என்றாலும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் கூடுதலாகவே செழிக்கிறார்கள். சீதோஷ்ணம் ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கராக இருந்த கணேசமூர்த்தியைச் சொல்கிறேன். ஐம்பத்தேழாம் வருஷம். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தேயிலையை மூக்கில் வைத்தால் எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார், கெட்டிக்காரர்தான். "சத்தம் வேணாம், வேலை நடக்கட்டும்" என்பது அவருடைய வேதம்.

அந்தத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர்கள் மூன்றும் ஒரே மோட்டாரில் ஓடின. மின்பலகையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ரிலே என்று பெயர். மோட்டார் தாங்கும் அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் 'டக்' என்று சுவிட்சைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதற்கு வேறு வேலை தெரியாது.

சித்திரை மழைக்குப் பின் கொழுந்து வந்து குவிந்தது. கணேசமூர்த்தி மூன்று ரோலர்களிலும் திணிக்கச் சொன்னார். டக். சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டு ஓட்டினார்கள். டக். ஒரே நாளில் ஏழு டக்.

"என்னா அழகுமுத்து இது, மறுபடியுமா?"

எலக்ட்ரீஷன் அழகுமுத்து பொய் சொல்லத் தெரியாத மனிதன். அதனாலேயே உருப்படாதவன். "கொழுந்து கூடிப் போச்சுங்க ஐயா. மோட்டரு தாங்கலைங்க. அதான் ரிலே தட்டிவிட்டிருச்சு."

"மோட்டரு ஏதாச்சும் சொல்லுச்சா? இதுதானே சொல்லுது?"

"மோட்டருக்காகத்தாங்க இது சொல்லுது."

"அப்ப கோளாறு இதுலதான்."

தோட்டத்து மானேஜர் துரைக்குக் கடிதம் போயிற்று: ரிலே கிழடாகிவிட்டது, காரணமின்றிக் கோபப்படுகிறது. துரை கையெழுத்துப் போட்டார். கொழும்பிலிருந்து ரயிலில், வைக்கோல் பொதிந்த பெட்டிக்குள் புது ரிலே வந்து இறங்கியது. பூட்டிய அன்று, தொழிற்சாலையின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி ரோலரை ஓட்டினார்கள். தேங்காய்ச் சில்லைப் பங்கு வைத்து முடிப்பதற்குள், டக். பழையதுக்குக் கிழட்டுத் தயக்கமாவது இருந்தது, புதியது இளரத்தம்.

"புதுசும் பழுது!" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, கணேசமூர்த்தி தாமே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார். அங்கே இரும்புக்கடை ஹுசைன் முதலாளியிடம், எங்கோ ஒரு பெரிய தொழிற்சாலையில் கழற்றிய ரிலே ஒன்று கிடந்தது.

"ஐயா, இது பெரிய மெஷினுக்கு உள்ள சாமான். ஒங்கட மோட்டருக்குச் சரிவராது. மோட்டர் எரிஞ்சாலும் இது அசையாது" என்றார் ஹுசைன்.

"அசையாதா? நிச்சயமா?"

"நிச்சயம்."

"அதைக் கட்டுங்க."

பிறகு வந்தது பொற்காலம். மூன்று மாதம் ஒரு டக் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர்களை அழைத்து வந்து, "பூட்டின நாளிலிருந்து ஒரு தடவைகூட இது வேலை செய்யலை, பாத்தீங்களா!" என்று பெருமையோடு காட்டுவார். அவர்களும் தலையாட்டிவிட்டு, எங்கே வாங்கினது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள்.

அழகுமுத்து மட்டும் தினமும் ஒருமுறை வந்து நிற்பான்.

"மோட்டரு மேல கை வைக்க முடியலைங்க ஐயா. அம்புட்டுச் சூடு."

"அப்ப ஏன் கை வைக்கிறே?"

ஆவணியில் ஒரு பிற்பகல். தேயிலையில் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா தலை நிமிர்ந்தாள். "ஐயா, என்னமோ கருகுற வாடை அடிக்குதுங்க."

"வாடை பாக்குறதா ஒன் வேலை? குச்சியப் பொறுக்கு."

அவள் இரண்டு குச்சி பொறுக்கியிருப்பாள். இறுகிப்போன ஒரு ரோலர் கிறீச்சிட்டு நின்றது, மோட்டார் அறையிலிருந்து புகை, புகைக்குள் நெருப்பு. ரிலே அசையவில்லை. கொடுத்த வாக்கு அப்படி. அழகுமுத்து ஓடினான். சுவிட்சின் கைப்பிடி நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. வலது கையால் பிடித்து இழுத்தான். பளீரென்று ஒரு வெளிச்சம். எல்லாம் நின்றது. பேச்சியம்மா ஈரச் சாக்கோடு ஓடி வந்து அவன் கையைச் சுற்றியபோது, "நின்னுருச்சா? நின்னுருச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பினான். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. தொழிற்சாலை பதினெட்டு நாள் ஓடவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொழுந்து அழுகி நாறியது. பெண்களை அரைப் பெயரோடு, அதாவது அரைநாள் கூலியோடு, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விசாரணை நடந்தது. 'ரிலே தன் கடமையில் தவறிவிட்டது' என்று கணேசமூர்த்தி எழுதியிருந்தார். பாவம் அந்த ரிலேச் சாதி! முதல் இரண்டும் வேலை செய்ததால் குற்றவாளி. மூன்றாவது வேலை செய்யாததால்.

துரை தோட்டத்துத் தமிழில், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். பேச்சியம்மா முன்னால் வந்தாள்.

"அழகுமுத்தண்ணே தெனமும் சொன்னாருங்க தொர. நானும் சொன்னேனுங்க."

கணேசமூர்த்தி சிரித்தார். "இவ குச்சி பொறுக்குறவ, சார். இவளுக்கு ரிலேன்னா என்னான்னு தெரியுமா?"

"தெரியாதுங்க. கருகுனாத் தெரியும்" என்றாள் பேச்சியம்மா.

துரை மோட்டாருக்கேற்ற ரிலேயைத் தாமே வரவழைத்துப் பூட்டி, கண்ணாடி மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தம் மேசைக்குள் வைத்துக்கொண்டார். நீதி கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். ரிலேக்குக் கிடைத்தது. அதை மாற்ற முடியாதென்று ஆனதும், கணேசமூர்த்தி மனிதர்களை மாற்றினார். கை சரியில்லை என்று அழகுமுத்து கேட்டைக் காக்கும் வாட்சராகப் போனான். பேச்சியம்மாவின் பெயர் தொழிற்சாலைச் செக்ரோல் பதிவேட்டிலிருந்து கழன்று, அட்டை கடிக்கும் மேல்மலைப் புல்வெட்டுக்குப் போயிற்று. புது எலக்ட்ரீஷன் இராமையாவிடம் டீமேக்கர் கேட்டது ஒரே கேள்வி: "நீ ரொம்பப் பேசுவியா?"

"இல்லைங்க."

வேலை கிடைத்தது.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு குரல் உங்களை இரண்டு தடவை கூப்பிட்டது. முதல் தடவை "ம்" என்றீர்கள். இரண்டாம் தடவை, "சும்மா இரேன், படிச்சிக்கிட்டிருக்கேன்ல" என்றீர்கள். எழுந்து போய், என்ன சமாச்சாரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.