கியர் அண்ணனும் ஆத்தா சைக்கிளும்

மதுரையில் மலை ஏறுகிறவர்கள் சாமி கும்பிட ஏறுவார்கள். காதலிக்கிறவர்கள் யார் கண்ணிலும் படாமல் உட்கார ஏறுவார்கள். கீழே இறங்குவதற்காகவே மலை ஏறிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கோச்சடைத் தெருவின் கியர் அண்ணன்தான். அதுவும் சைக்கிளில்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பதை நெருங்கும் வயதில், டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி டயர் போட்ட ஒரு மலைச் சைக்கிளை வாங்கினார். அன்றிலிருந்து உலகத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். மாமியார் வீட்டோடு சண்டை என்று போய் நின்றால், "சின்னக் கியருக்கு மாத்துங்க தம்பி, மூச்சு வாங்காது" என்பார். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டவனிடமும் அதையேதான் சொன்னார்.

வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே சைக்கிள் நிற்கும். அண்ணனும் மதினியும் சுவரோரமாகப் படுத்துக்கொள்வார்கள். விடிவதற்குள் நாகமலைக்குக் கிளம்பிவிடுவார். மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிட்டால் பின்சக்கரம் 'கிர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் போடும் பாருங்கள், தெருவில் ஒரு நாய், ஒரு கைக்குழந்தை, ஒரு ரிட்டையர்டு ஆள் பாக்கியில்லாமல் எழுந்துவிடும். என்னுடைய நாள் அண்ணனை ஜன்னல் வழியாகத் திட்டுவதில்தான் தொடங்கும். அவர் கையைத் தூக்கி டாட்டா காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

தை மாதம் நாகமலை அடிவாரத்தில் மலைச் சைக்கிள் பந்தயம் நடக்கும். கல்லிலும் முள்ளிலும் ஏறி இறங்கி, காய்ந்த கண்மாய்க்குள் புகுந்து வரவேண்டும். ஏற்றத்தில் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்பது அண்ணனின் கொள்கை. ஊன்றினால் வீட்டு மானம் போச்சு. ஒரு வருஷம் பெரியவர்கள் பிரிவில் மூன்றாம் பரிசாக எவர்சில்வர் குடம் வாங்கி வந்தார். அந்தப் பிரிவில் ஓட்டியதே நாலு பேர், அதில் ஒருத்தருக்குப் பஞ்சர் என்பதைப் பற்றி நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. "போன மனுசன் கையும் காலுமா வந்தாரே, அம்புட்டுப் போதும்" என்று மதினி குடத்தைக் குழாயடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு சித்திரையில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆட்டோவைக் கூப்பிடப் போன என்னை, "இம்புட்டுத் தூரத்துக்கு ஆட்டோவா?" என்று தடுத்துவிட்டுச் சைக்கிளிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆன ஆள் அவர். ஆனால் சிரிப்பு அத்தோடு நின்றது. கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, நினைவே தப்பிவிட்டது. ஒரு மத்தியானம் டாக்டர், "சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மதினி வராந்தாவுக்கு வந்து, தெருமுனை மாரியம்மன் இருக்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ஆத்தா, மனுசன எந்திரிச்சு நடக்க விடு. எனக்குச் சக்களத்தியா வந்து நடுவீட்டுல நிக்கிதே சைக்கிளு, அதக் கொண்டாந்து ஒன் வாசல்ல விட்டுர்றேன்."

ஆத்தா நடக்க விட்டாள். மதினியும் சொன்ன சொல் தவறவில்லை. எலும்பும் தோலுமாக வீடு திரும்பிய அண்ணன் முதலில் பார்த்தது மின்விசிறிக்குக் கீழே இருந்த காலி இடத்தைத்தான்.

"எங்க செல்வி அது?"

"ஆத்தாளுக்குக் குடுத்துட்டேன்."

"ஒரு சேவல நேந்திருக்கக் கூடாதா?"

"சேவலுக்கு ஆத்தா எறங்கி வர்ற நெலமையிலயா நீங்க கெடந்தீக?"

அண்ணன் மறுநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். கரண்டுக் கம்பத்துக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்கினார். அங்கே போனால், பூசாரி ஹேண்டில்பாரில் சந்தனம் பூசி, சீட்டில் பூச்சரம் சுற்றி, கியர்க் கம்பியில் எலுமிச்சம்பழம் செருகி வைத்திருக்கிறார்! பெண்கள் அம்மனைக் கும்பிட்ட கையோடு சைக்கிளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணன் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு என் காதில், "ஆத்தா வண்டியில காத்துக் கம்மியா இருக்கு தம்பி" என்றார். அன்றிலிருந்து தினமும் பம்போடு நடந்துபோய்க் காற்றடித்தார். பூசாரி அதையும் ஒரு சேவையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் மனிதர் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள்கூட யாரையும் சின்னக் கியருக்கு மாற்றச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஆடித் திருவிழா முடிந்தால் காணிக்கைகளை ஏலம் விடுவது வழக்கம். சேலை போனது, சேவல் போனது, கடைசியில் சைக்கிள் வந்தது. அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நான் ரகசியமாக முடிவு செய்திருந்தேன். வாயைத் திறந்தால் டீக்கடைக்காரர் மேலே கேட்கிறார். அவரை முந்தி இஸ்திரிக்காரர் கேட்கிறார். அடப்பாவிகளா, சீக்காளி மனிதரின் சைக்கிளுக்கா இப்படி அலைகிறீர்கள் என்று அவர்களை நான் முறைக்க, என்னை அவர்கள் முறைக்க, ஏலம் எங்கேயோ போய்விட்டது. மூன்று பேரும் ஒரே காரியத்துக்காகத்தான் கத்தினோம் என்பது பிறகுதான் தெரிந்தது. கோயில் படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எங்கள் மூவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்போது மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் முறம், முறம் நிறையத் தவிடு. நோஞ்சான் பிள்ளையை ஆத்தாளுக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் உண்டு. வாங்கிய பிறகு அது ஆத்தா பிள்ளை. ஆயுசுக்கும் அவள் காவல்.

"அது பிள்ளைக்குத்தானேம்மா" என்று பூசாரி தயங்கினார்.

"எங்க வீட்டுல பிள்ளைன்னு வேற யாரு சாமி இருக்கா?" என்றார் மதினி. "ஆத்தா இவருக்கு உசுரக் குடுத்துட்டா. அத வச்சு என்ன செய்யிறதுன்னு தெரியாம மனுசன் உக்காந்துருக்காரு. சக்களத்தின்னு சொன்னது என் தப்புத்தேன். என் பிள்ளையக் குடுங்க."

அவர்களுக்குக் குழந்தை இல்லாததைப் பற்றித் தெருவில் யாரும் பேச மாட்டோம். மதினியும் அதுவரை பேசியதில்லை. பூசாரி தவிட்டை வாங்கி அம்மன் காலடியில் கொட்டிவிட்டு, சைக்கிளுக்குத் திருநீறு பூசி மதினி கையில் கொடுத்தார். அண்ணன் படியிலேயே தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி ஏறி உட்கார்ந்தார். முதல்நாள், சைக்கிள் பழகுகிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் கண்மாய்க் கரை வரை, அப்புறம் மலையடிவாரம். பின்னாலேயே மதினி ஸ்கூட்டியில், காலுக்கிடையில் குடத்தில் மோரோடு.

தை மாதப் பந்தயத்துக்கு அண்ணன் பெயரைக் கொடுத்தது மதினிதான். எல்லோரும் வந்து சேர்ந்து, பரிசு கொடுத்து, வெயிலும் ஏறிவிட்டது. அண்ணனைக் காணோம். பந்தயம் நடத்திய பையன்கள் எல்லைக்கோட்டு ரிப்பனைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். மதினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நடுவில் நின்றார்.

"என் வீட்டுக்காரரு இன்னும் வரல. கட்டுங்கய்யா திரும்ப!"

கட்டினார்கள். அந்த நேரத்தில் கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கமிருந்து 'கிர்ர்ர்ர்' என்று கேட்டது. ஆள் தெரிவதற்கு முன்பே நான் கை தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

புழுதியாக வந்து இறங்கினார். "ஏத்தத்துல எறங்கித் தள்ளிட்டுத்தேன் வந்தேன் செல்வி" என்றார், ஏதோ திருடிவிட்டவர் மாதிரி.

"சின்னக் கியர்ல வந்தாப் போதும்" என்று மதினி குடத்தைச் சாய்த்தார். அந்த மூன்றாம் பரிசுக் குடம்தான். அண்ணன் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார்.

மறுநாள் விடிவதற்குள் தெருவில் அந்தச் சத்தம். நாய் குரைத்தது, குழந்தை அழுதது. நான் ஜன்னலைத் திறந்து, வழக்கத்தை விடக்கூடாதே என்று அண்ணனை நாலு வார்த்தை திட்டினேன். அவர் காதில் நன்றாக விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.