முப்பத்தெட்டுப் பூங்கொடி

ஒம்பதாம் வகுப்புக்குப் பத்திரிகைல எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுக்கணும். செய்தி, பேட்டி, தலையங்கம், வாசகர் கடிதம். அவ்வளவுதான் வேலை.

நானும் எட்டு வருஷமா தமிழ் நடத்தறவ. இதுல என்ன மலையவா பொரட்டப் போறோம்னு சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்கினேன்.

செய்தி எழுதச் சொன்னேன். பாதிப் பேரு, "நேற்று கரண்டு போனது. பிறகு வந்தது"ன்னு எழுதிக் குடுத்தாங்க. சரி, உண்மைதானே!

பேட்டிக்கு ஒரு பையன் அவங்கம்மாவப் புடிச்சிருக்கான். மூணு கேள்வி. மூணுக்கும் அம்மா சொன்ன பதிலு, "போயி வேலையப் பாருடா."

தலையங்கம்னா கருத்து சொல்லணும்னேன். கடைசி பெஞ்சு சபரி எந்திரிச்சு, "எனக்குக் கருத்து ஒண்ணும் இல்லீங்க மிஸ்"னுட்டு உக்காந்துட்டான்.

கடைசியா வாசகர் கடிதம். அங்கதான் எனக்குச் சனி புடிச்சுது.

நான் வேலை பாக்கறது தனியார் பள்ளிக்கூடம். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவருதான் தாளாளர். வாசல்ல கோயில் கோபுரம் கணக்கா ஆர்ச்சு. ஆபீஸ்ல ஏசி. பொம்பளப் புள்ளைக கழிவறைல மட்டும் ரெண்டு மாசமா தண்ணி இல்ல. புள்ளைக காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குதுக. பாக்கவே வயிறு எரியும்.

இதைத் தாளாளர்கிட்டச் சொல்லணும்னு நாலு தடவை போனேன். நாலு தடவையும், "வணக்கமுங்க சார்"னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். ஏன்னா, என்னைய நிரந்தரம் பண்ற ஆர்டரு அவரு மேசைல கையெழுத்துக்குக் கெடக்குது. அவ்வளவு பெரிய வீராங்கனை நானு!

ஆனா போர்டு முன்னாடி நின்னா மட்டும் தைரியம் பொத்துக்கிட்டு வரும். டஸ்டர் நம்ம கைலதானே இருக்குது?

மாதிரிக் கடிதம்னு சொல்லி, இருந்த கோவத்தையெல்லாம் போர்டுல கொட்டினேன். "ஐயா, எங்கள் பள்ளி வாசலில் பெரிய வளைவு இருக்கிறது. மாணவியர் கழிவறையில் தண்ணீர் இல்லை. வளைவைத் திருகினால் தண்ணீர் வருமா?" கீழ, இப்படிக்கு, ம. பூங்கொடி, தமிழாசிரியை.

"இதான் சாம்பிள். இதே மாதிரி எழுதி, பத்திரிகைக்கு அனுப்பற மாதிரி ரெடி பண்ணி வைங்க"ன்னேன். எல்லாரும் எழுதிக்கிட்டதும் போர்டச் சுத்தமா அழிச்சேன். தடயமே இல்லையாம்! அப்படியே ரெண்டு நாள் பயிற்சி வகுப்புக்குக் கெளம்பிட்டேன்.

மூணாம் நாள் தாளாளர் கூப்புட்டாரு.

"வாங்க டீச்சரம்மா. உக்காருங்க. டீ சாப்புடறீங்களா?"

நம்மூர்ல மரியாதை கூடுச்சுன்னா கோவமும் கூடியிருக்குதுன்னு அர்த்தம்.

மேசைல ஒரு கத்தைக் காகிதம். "பத்திரிகை நிருபரு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாருங்க. ஏனுங்க, நம்ம ஸ்கூல்ல பூங்கொடின்னு எத்தனை டீச்சருங்க?"

"நான் ஒருத்திதானுங்க சார்."

"இங்க முப்பத்தெட்டுப் பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்களே!"

கிளாஸ் லீடர் தாரணியக் கூப்புட்டாங்க. அவங்கம்மா பனியன் கம்பெனில செக்கிங், தைச்ச துணில குத்தம் பாக்கற வேலை.

"ஏன் கண்ணு, உம் பேரு போடாம மிஸ் பேரு எதுக்குப் போட்ட?"

"சாம்பிள்ல அப்படித்தானுங்க சார் இருந்துச்சு. ஓகே ஆன சாம்பிள்ல ஒரு பட்டனைக்கூட மாத்தக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுமுங்க. மாத்துனா மொத்த லாட்டும், தைச்ச சரக்கு அத்தனையும், திரும்பி வந்துருமுங்க."

"பத்திரிகைக்கு எப்படிப் போச்சு?"

"பத்துப் பத்தாக் கட்டி நானே செக்கிங் பண்ணுனேனுங்க. ரெண்டு பேரு கமா உட்டுட்டாங்க, திருப்பி எழுத வெச்சேன். எங்கப்பா கொரியருக்கு வண்டி எடுத்துட்டுப் போனாருங்க, அதுலயே குடுத்துட்டேன்."

"எந்த வண்டி?"

"உங்க கம்பெனி வண்டிதானுங்க சார்."

தாளாளர் கத்தையப் பக்கத்துல இழுத்தாரு. அப்புறம் மேல இருந்து ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடில ஒண்ணுன்னு உருவி, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. "ஒரு புள்ளி மாறலையே! எங்க கம்பெனில இப்படி ஒரு லாட்டு வந்ததில்லீங்க"ன்னாரு. வாயெல்லாம் பல்லு. உடனே கோவம் ஞாபகம் வந்துருச்சு.

"சாயங்காலம் நிருபரு வர்றாருங்க. அது தப்பான தகவல்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சுது." பேனாவ நகத்தினாரு. பக்கத்துலயே என் ஆர்டரையும் நகத்தினாரு.

வெக்கத்தை விட்டுச் சொல்றேன். பேனாவ எடுத்துட்டேன். "அது தப்பான"ங்கற வரைக்கும் எழுதிட்டேன்!

தாரணி எட்டிப் பாத்தா. "அப்போ தண்ணி வந்துருச்சுங்களா மிஸ்?"

கிண்டல் இல்ல. நெசமாலுமே சந்தோசமாக் கேட்டா. எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பேனாவ மூடி வெச்சேன்.

"சாம்பிள் சரிதானுங்க சார். தண்ணி வர்றதில்லீங்க." எட்டு வருஷத்துல அவருகிட்ட நான் பேசின மொத நெச வார்த்தை அதுதான்.

அவரு பட்டுனு எந்திரிச்சாரு. வேலை போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். மனுசன் போனை எடுத்து, "பிளம்பரக் கூப்புடுய்யா! நிருபரு வர்றதுக்குள்ள தண்ணி வந்தாகணும்"னு கத்தினாரு. மனசு மாறலைங்க, பயந்துட்டாரு.

ரெண்டு மாசமா வராத தண்ணி ரெண்டு மணி நேரத்துல வந்துச்சு! மறுநாள் பேப்பர்ல தாளாளர் பைப்பத் திருகிவிட்டுச் சிரிக்கற போட்டோ. மாணவியர் நலனில் அக்கறையாம். த்தூ!

என் ஆர்டரும் வந்துச்சு. அடில பேனாவுல ஒரு வரி சேத்திருந்தாரு. கூடுதல் பொறுப்பு, கழிவறை மோட்டார். தெனமும் எட்டேகாலுக்கு சுவிட்சு போட்டுட்டுத்தான் தமிழ்த்தாய் வாழ்த்துக்கே போறேன்.

இப்பவும் வாசகர் கடிதம் நடத்தறேன், ஆனா இப்படிக்குன்னு போட்டுக் கீழ சபரி பேர எழுதிடறேன். அவனுக்குத்தான் கருத்து ஒண்ணும் இல்லையே!