ரிவர்ஸுக்கு ஒரு நாற்காலி

பதவி உயர்வுச் செய்தி ரிவர்ஸின் காதுக்கு வருவதற்கு முன்பே அவர் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நீண்ட பயணம் முடித்து, லாரியைக் கம்பெனி யார்டில் விட்டுவிட்டு, தோளில் பையோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்து நாற்காலியில் புதிதாக ஒரு மெத்தை முளைத்திருந்தது.

"இது என்ன?"

"உட்கார்ந்து பாருங்க. இனிமே உட்கார்ந்து பழகணுமில்ல?" என்றாள் மனைவி. "ஆபீஸ்ல இருந்து அந்த ரிசப்ஷன் பொண்ணு பேசுச்சு. உங்க போன் கிடைக்கலையாம். சூப்பர்வைசர் ரிட்டையர் ஆகறாராமே? அந்த இடத்துக்கு உங்களைத்தான் போடப் போறாங்களாம். ஒரு வாரம் பார்த்துட்டு நிரந்தரம் பண்ணிடுவாங்களாம். வாழ்த்துகள் அண்ணின்னு என்கிட்டயே சொல்லிடுச்சு."

ரிவர்ஸ் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக அதிர்கிற இருக்கைக்குப் பழகிய உடம்பு அவருடையது. ஆடாத நாற்காலியில் உட்கார்ந்ததும், எஞ்சின் நின்றுபோய் நடுவழியில் மாட்டிக்கொண்டதுபோல் ஒரு பதற்றம் வந்தது.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பதினெட்டுச் சக்கர வண்டியை எந்தச் சந்துக்குள்ளும் பின்னோக்கியே கொண்டுபோய், சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டு நிறுத்துவார் என்பதால் யார்டில் எல்லோருக்கும் அவர் ரிவர்ஸ். சரக்கு ஏற்றுபவராகச் சேர்ந்து, கிளீனராகி, சின்ன வண்டி, பெரிய வண்டி, ட்ரெய்லர் என்று ஒவ்வொரு படியாக ஏறியவர். ஏணியின் உச்சியில் ஒரு நாற்காலி காத்திருக்கும் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

அவருக்கு அந்த நாற்காலி வேண்டாம். ஆளில்லாத நெடுஞ்சாலையும், உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைக் குனிந்து பார்க்கிற சுகமும் போதும். ஆனால் அதை மனைவியிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாசலில் நின்று சொல்வது வேறு.

"என்ன பண்றது, கம்பெனி விட மாட்டேங்குது. உட்கார்ற வேலை ஒண்ணு கொடுத்தாங்கன்னா அடுத்த நிமிஷமே உன்கிட்ட ஓடி வந்துட மாட்டேனா?"

"எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே" என்று அவளும் பெருமூச்சு விடுவாள்.

தெருவே கண் போடுகிற தம்பதி. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டை கிடையாது. எந்தச் சண்டையும் முற்றுவதற்குள் அடுத்த லோடு வந்துவிடும்.

"உனக்குச் சந்தோஷம்தானே?" என்றார் ரிவர்ஸ், எங்கேயாவது ஒரு சின்னத் தயக்கம் தென்படாதா என்ற ஆசையில்.

"இதைக் கேக்கணுமா?" முன்னறையில் வரிசையாக நின்ற தையல் மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக உறை போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வகுப்பைத்தான் நிறுத்திடணும். நீங்க மத்தியானமே வந்துடுவீங்களாமே. இத்தனை பொம்பளைங்க உட்கார்ந்து பேசிச் சிரிச்சா உங்களுக்குத் தொந்தரவு."

"எனக்காக வகுப்பை விடணுமா?"

"உங்களை விடவா எனக்கு மெஷின் பெருசு?"

ரிவர்ஸ் எழுந்தார். இப்படி ஒரு மனைவிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியாமல் சமையலறைக்குப் போய் அலமாரியைக் காலி செய்தார். கனமான டப்பாக்கள் கீழே, லேசானவை மேலே, கண்ணாடிச் சாமான்கள் நடுவில், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கி ஒரு கயிறு. லோடு கட்டுகிற முறை.

அவள் வந்து பார்த்தாள். "உப்பு எங்கே?"

"கயித்துக்குப் பின்னால. எப்பேர்ப்பட்ட வளைவுல திரும்பினாலும் சாயாது."

"நம்ம சமையல்கட்டு எந்த வளைவுல திரும்பப் போகுது?" என்றாள் மெதுவாக.

அவர் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார். கேட்டின் ஒரு கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது. மச்சினனின் சின்னக் காரை அவர் ஒருமுறை பின்னோக்கி உள்ளே விட்டதன் நினைவுச் சின்னம் அது. அதைப் பற்றிப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

யார்டில் ஹாரன் காத்திருந்தார். அவரும் டிரைவர்தான், ரகசியம் சொன்னால்கூட வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார் என்பதால் அந்தப் பெயர்.

"பதவி வந்த மூஞ்சியா இது? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு வா மாப்ள."

"மெதுவாப் பேசுடா. நான் வேண்டாம்னு சொன்னா, ரிசப்ஷன் பொண்ணு அடுத்த நிமிஷம் வீட்டுக்குப் போன் போட்டுடும். இத்தனை வருஷமா வாசல்ல நின்னு நான் பேசினது பூரா பொய்னு ஆயிடும். அவ எனக்காக மெஷினுக்கெல்லாம் உறை போட்டுட்டாடா."

"அப்ப வேண்டாம்னு அவங்களைச் சொல்ல வை. ஒரு வாரம்தானே? சொதப்பிடு."

"எனக்குச் சொதப்பிப் பழக்கமில்லையே."

"ஏன், மச்சினன் காரை எடுத்தப்ப நல்லாத்தானே சொதப்பின?"

ரிவர்ஸ் முறைத்துவிட்டு உள்ளே போனார்.

மேனேஜர் வயதில் சிறியவர். எதையும் தத்துவமாகப் பார்ப்பவர். "அண்ணே, புதுப் பசங்க கொஞ்ச நாள் ஓட்டிட்டு ஓடிடறாங்க. இந்த வேலையில வளர்ச்சி இல்லைங்கறாங்க. வண்டியில ஏறின ஒருத்தர் கடைசியில இந்த நாற்காலிக்கு வரலாம்னு அவங்க கண்ணால பார்க்கணும். நீங்கதான் சாம்பிள்" என்றார்.

சாம்பிள் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, எல்லா வண்டிகளையும் பைபாஸை விட்டுவிட்டுப் பழைய மலைப்பாதையில் அனுப்பியது. சுற்றுவழி, குண்டும் குழியும், டீசலைக் குடிக்கும் ஏற்றம். சாயங்காலத்துக்குள் டிரைவர்கள் கொடி பிடித்துவிடுவார்கள், தான் வீட்டில் பேர் கெடாமல் வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

சிறிது நேரத்தில் பைபாஸில் எண்ணெய் டேங்கர் ஒன்று குறுக்கே கவிழ்ந்தது. மற்ற கம்பெனி வண்டிகள் எல்லாம் தேர்போல நின்றுவிட்டன. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவை இவர் அனுப்பியவை மட்டுமே.

"எப்படிண்ணே தெரிஞ்சது?" மேனேஜர் கண்கள் விரியக் கேட்டார்.

"என்னமோ மனசுல பட்டுச்சு" என்றார் ரிவர்ஸ் அழாத குறையாக.

அடுத்து, கம்பெனியின் ஆகப் பெரிய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார். அந்தக் குளிர்பானக்காரர் வழக்கம்போல் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று போனில் கத்தினார். ரிவர்ஸ் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"வண்டி உங்க குடோன் வாசல்லதான் காலையில இருந்து நிக்குது. உள்ள விட ஆளில்லை. எங்க டிரைவர் என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா, வாசல்ல நிக்க வெச்சு அழகு பார்க்க?"

ரிவர்ஸ் நிம்மதியாகப் போனை வைத்தார். அன்று மாலையே குளிர்பானக்காரர் மேனேஜரைக் கூப்பிட்டார். தன் குடோனில் நடக்கிற கூத்தை இத்தனை நாளாக யாரும் தன் காதில் போடவில்லையாம். இனி மொத்தச் சரக்கும் இவர்களுக்குத்தானாம். ஒரே நிபந்தனை, பேசுவதற்கு அந்த மாப்பிள்ளை மனிதர்தான் வேண்டுமாம்.

வேறு வழி தெரியாமல் அடுத்த நாள் மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கினார். நெடுநாளாக ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டிருந்த டிரைவர்கள், பெரியவரை எழுப்ப வேண்டாமே என்று கிசுகிசுப்பாகப் பேசி, யார் எந்தப் பயணம் போவது என்பதைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். வண்டிகளை அனுப்புகிற டிஸ்பாட்ச் அறையைக் கத்தல் இல்லாமல் மேனேஜர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். வாசலில் நின்று மெய்சிலிர்த்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் பிடி இறுகியது. ஒவ்வொரு மதியமும் மனைவி வாசலிலேயே நின்று விசாரித்தாள்.

"எப்படிப் போச்சு இன்னிக்கு?"

"நல்லாத்தான் போச்சு."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா? மேனேஜர்கூடத் திட்டலையா?"

"என்னைத் திட்டுவாங்களா?"

"அதுக்கில்ல. உட்கார்ந்தே இருக்கீங்க, முதுகு வலிக்கும். முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கதவு அவ்வளவு அகலமாகத் திறந்தும் ரிவர்ஸுக்கு நுழைய மனம் வரவில்லை. ஒரு தியாகத்துக்கு முன்னால் தான் மட்டும் சுயநலக்காரனாக நிற்பதா?

"உன்கூட இருக்கறதுக்கு முதுகு வலியெல்லாம் ஒரு வலியா?" என்றார்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததை அவர் கவனித்தார். ஆனந்தக் கண்ணீர் என்று முடிவு செய்து, அந்தப் பூரிப்பில் அவளுடைய நூல்கண்டுப் பெட்டியையும் எடை வாரியாக அடுக்கி வைத்தார்.

வாரத்தின் கடைசி நாள். மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரிசப்ஷன் பெண்ணும் அங்கே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒரு சங்கடமான விஷயம். உங்களுக்கு இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்னு யாரோ மறுபடி மறுபடி போன் பண்ணியிருக்காங்க. பேர் சொல்லலையாம். நான் பொருட்படுத்தலை. ஆனா உங்களுக்கே விருப்பம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, வண்டிக்கே போயிடலாம்."

ரிவர்ஸின் காதில் தேன் பாய்ந்தது. முகம் தெரியாத அந்தப் புண்ணியவானின் கால் இருக்கும் திசை நோக்கிக் கும்பிடலாம்போல் இருந்தது. கம்பெனியும் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை; மூன்றாம் மனிதர் தலையில் பழி. வீட்டில் தலைகுனிந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டால் முடிந்தது.

"என்ன சொன்னாங்களாம்?" என்றார், ஒரு மரியாதைக்கு.

"சொல்லும்மா" என்றார் மேனேஜர்.

ரிசப்ஷன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணனால ஒரு இடத்துல உட்கார முடியாதாம்."

"வாஸ்தவம்தான்" என்றார் ரிவர்ஸ் பணிவாக.

"எதைக் கண்டாலும் இடம் மாத்தி அடுக்கிடுவாராம். அப்புறம் எதையுமே கண்டுபிடிக்க முடியாதாம்."

"இருக்கலாம்."

"வழி தப்பினாக்கூட இறங்கி ஒருத்தர்கிட்ட கேக்க மாட்டாராம்."

ரிவர்ஸ் லேசாக நிமிர்ந்தார். "சரி, போகட்டும். நான் வண்டிக்கே..."

"வேற?" என்றார் மேனேஜர், எதையும் முழுமையாகக் கேட்கிறவர்.

"வேற ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள் அவசரமாக.

"சொல்லும்மா, பரவாயில்ல."

"அண்ணனுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராதாம். சின்னக் காரை உள்ள விடும்போதே வீட்டு கேட்ல இடிச்சாராம்."

ரிவர்ஸ் எழுந்து நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"சார், கொஞ்சம் யார்டுக்கு வாங்க."

"எதுக்குண்ணே? நீங்க வண்டிக்கே போறேன்னு ஏதோ..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல வாங்க."

இருப்பதிலேயே நீளமான ட்ரெய்லரில் ஏறினார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே, வண்டி நுழைந்தால் இரு பக்கமும் ஒரு கை அகலம்கூட மிஞ்சாத ஓர் இடைவெளி. டிரைவர்கள் கூடிவிட்டார்கள். ரிவர்ஸ் ஒரே மூச்சில், ஒருமுறைகூட முன்னே எடுக்காமல், ஊசியில் நூல் கோப்பதுபோல் பின்னோக்கிக் கொண்டுபோய் நிறுத்தினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஹாரனின் விசில் தனியாகக் கேட்டது.

"இப்ப சொல்லுங்க சார். என்னால எது முடியாது? உட்கார முடியாதா? அந்த நாற்காலியில நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் உட்கார்ந்து காட்டறேன்."

"இது போதும்ணே" என்றார் மேனேஜர் நெகிழ்ந்து. "இன்னியில இருந்தே நீங்க நிரந்தரம்." கை குலுக்கிவிட்டு அதே கையை நீட்டினார். "வண்டிச் சாவி?"

ரிவர்ஸ் சாவியைப் பார்த்தார். அது இன்னும் சூடாக இருந்தது. அதை அந்தக் கையில் வைத்தபோதுதான், தான் எந்தச் சந்துக்குள் போய் நிற்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. அங்கிருந்து ரிவர்ஸ் எடுக்க இடமில்லை.

கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கேட் விஷயம் வெளியாட்களில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"டேய் ஹாரன், உனக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்குக் கல்குவாரி லோடுதான். தூசியைத் தின்னு."

"என்ன மாப்ள, நான் என்ன பண்ணினேன்?"

"போன் பண்ணினதே நீதான். கேட்ல இடிச்சது வேற யாருக்குடா தெரியும்?"

"நானா? நான் பேசினா பேர் சொல்லணுமா? போனே இல்லாம ஆபீஸ் வரைக்கும் கேக்குமே."

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே. நாளைக்குக் காலையில குவாரிக்குக் கிளம்பு."

ஹாரனுக்கு முதல் தடவையாகக் குரல் அடைத்தது. அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த ரிசப்ஷன் பெண் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஹாரன் அண்ணனை விட்டுடுங்க, பாவம். நான் வாழ்த்து சொல்லிப் போனை வெச்ச அடுத்த நிமிஷத்துல இருந்து அத்தனை போனும் பண்ணினது அண்ணிதான். இன்னிக்குக் காலையிலகூட அழுதுகிட்டே சொன்னாங்க, 'எப்படியாவது அவரை வண்டியில ஏத்தி அனுப்பிடும்மா'ன்னு."