செவிச்சித்தரும் சாம்பல் பூசணியும்

ஹெட்போன் போட்டால் காது ஏன் வலிக்கிறது? அதில் நம்மிடம் பேசுகிற அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலும் பஞ்சுக்குள் ஆவியாகத் தங்கிவிடுவதால். இந்த உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டறிந்தவர் அருவங்காடு செவிச்சித்தர். போன வருடம் வரை விஜயபாஸ்கர் என்ற பெயரில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். ஞானம் யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வியாபாரம் படுத்தால் சீக்கிரம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஷெட்டின் முன்னால் வரிசை ரோடு வரை நிற்கும். கால் சென்டர்காரர்கள், ஆன்லைன் வகுப்புக்காரர்கள், விடிய விடிய கேம் ஆடுகிறவர்கள். எல்லோருக்கும் காது சிவந்திருக்கும். எல்லோரும் குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டு, குல்லாவுக்கு மேல் ஹெட்போன் மாட்டுகிறவர்கள். வெறுந்தலைக்கு அளவெடுத்த பட்டை குல்லாத்தலையை நெரிக்காமல் என்ன செய்யும்? குல்லாவைக் கழற்றிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. குளிருமே.

வைத்தியம் எளிது. ஹெட்போனைப் பெரிய சாம்பல் பூசணிக்கு மாட்டி, மூன்று நாள் மந்திரம். பெண்கள் கூடுதலாகக் காதுத் தோட்டைக் கழற்றி மஞ்சள்நீர்க் கலசத்தில் போட வேண்டும். தங்கம் ஆவியை இழுக்குமாம். கவரிங்கை ஆவி சீண்டாது; சித்தரே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குன்னூரில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கும் கீர்த்தனாவும் கலசத்தில் போட்டுவிட்டாள். பந்தலூர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அவள் அம்மா, போனஸ் பணத்தில் வாங்கிக் கொடுத்த தோடு. வியாழக்கிழமை பூசணியிலிருந்து ஹெட்போன் திரும்பி வந்தது. வலி இல்லை. அதே ஆபீசில் வேலை பார்க்கும் அறைத்தோழி தபித்தாளிடம் சொன்னாள்.

"வலி போயிருச்சுங்கறேன், நீ சிரிக்கிற."

"தோடு போச்சு, வலியும் போச்சு. திருகாணி குத்துனதுதான்டி வலி. அதுமேல குல்லா. அதுக்கும் மேல இந்த இடுக்கி."

"அப்ப பூசணி?"

"அதச் சோதிச்சே பாத்துரலாம். தோட்ட எப்பத் தர்றாராம்?"

"தரமாட்டாரு. ஞாயித்துக்கிழம அமாவாசை. கலசத்தக் கொண்டுபோயிப் பவானி கூடுதுறையில கரைக்கறாராம்."

"தங்கம் கரையுமாடி?"

கீர்த்தனா முதல்முறையாக யோசித்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை, கலசம் கிளம்புவதற்கு முன் இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். தபித்தாள் கையில் ஒரே மாதிரி இரண்டு புது ஹெட்போன்கள்.

"ஏனுங்க சாமி, சக்தி பூசணியிலயா, மந்திரத்துலயா?"

சித்தர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பூசணி வெறும் பீடம் அம்மணி. கூட்டு வெக்கற காய்க்கு ஏது சக்தி? எல்லாம் மந்திரந்தான்."

"அப்ப பீடம் இல்லாமலே இதுக்கு மந்திரம் சொல்லுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியவில்லை. தொண்டை கட்டும்வரை சொன்னார்.

தபித்தாள் இரண்டாவதை எடுத்தாள். "இதுக்கு மந்திரம் கிடையாதுங்க. மூணு நாளா எங்க ரூம்ல பெரிய வர்க்கி பிஸ்கட் டப்பா மேல மாட்டி வெச்சிருந்தேன்."

"வர்க்கி டப்பாவுலயா? டீயும் சேத்து வெச்சியா அம்மணி?" என்றார் சித்தர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பூசணிக்குச் சிரிக்காத கூட்டம்.

சோதித்துச் சொல்ல, வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் ரவிச்சந்திரன் முன்வந்தார். சித்தரின் முதல் பக்தர். அவருடைய குல்லாவையே கண் மறைய இழுத்துவிட்டு, தபித்தாள் ஒன்றை மாட்டினாள்.

"யப்பா, மண்ட நசுங்குது. எடுங்க."

மற்றதை மாட்டினாள்.

"ஆகா. இது புடிச்சிருக்கறதே தெரியலீங்க. எங்க சாமி மந்திரம்னா மந்திரந்தான்."

குல்லாவை மேலே ஏற்றினாள். அவர் தலையில் இருந்தது வர்க்கி டப்பா ஹெட்போன். மண்டையை நசுக்கிய மற்றது, இன்னும் மந்திரத்தின் சூடு ஆறாமல் அவள் கையில் இருந்தது.

"பூசணி, டப்பா, எது மேல மாட்டுனாலும் பட்டை விரியும். அவ்வளவுதாங்க ஆவி," என்றாள்.

"அமாவாசையில மந்திரம் தலைகீழா வேல செய்யும்," என்றார் சித்தர், கலசத்தை இடுப்பில் அணைத்தபடி.

"அப்படிங்களா?" ரவிச்சந்திரன் எழுந்தார். "அப்ப கலசத்தையும் தலைகீழாக் கவுத்துங்க, பாப்போம்."

கவிழ்த்தார்கள். மஞ்சள்நீர் ஓடியது, தங்கம் கரையாமல் கிடந்தது. கீர்த்தனா தன் தோட்டைத் துடைத்துப் பர்சில் வைத்தாள். இனி வேலை நேரம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் ஒரு அம்மா தபித்தாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, எந்தக் கடை வர்க்கி டப்பாங்க விசேஷம்? கெழக்க பாத்து வெக்கோணுமா?"

தபித்தாள் கையை விடுவித்துக்கொண்டாள். "எந்தப் பக்கமும் வெய்யுங்க. மணிக்கு ஒருக்காக் கழட்டிக் காதுக்குக் காத்து காட்டுங்க. அப்புறம், தலைங்கறது ஹெட்போன் மாட்டற ஆணி மட்டும் இல்லீங்க. உள்ள ஒண்ணு வெச்சிருக்குது. அதையும் அப்பப்ப வேலைக்கு அனுப்புங்க."

அடுத்த மாதம் கோத்தகிரியில் விஜயபாஸ்கர் மறுபடி செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். கிராக்கி இல்லாத நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தார். இருபுறமும் பார்த்தார். யாரும் இல்லை. பெட்டிக்கு அடியிலிருந்து வர்க்கி டப்பாவை எடுத்து, அதன்மேல் மெதுவாக மாட்டினார்.