ஹேமநாதன் வீட்டு பீர்

கடையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் கடையில் வாங்க மனம் வராத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. இவர்களுக்கு ‘வீட்டிலேயே பண்ணிடலாமே’ இனம் என்று பெயர் வைப்போம். பன்னீரைப் பார்த்தால் பாலைத் திரிப்பார்கள். சோப்பைப் பார்த்தால் தேங்காயெண்ணெயைத் தேடுவார்கள். ஓட்டலில் நாம் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இதையெல்லாம் வீட்டிலேயே பண்ணிவிடலாம் என்று சொல்லி நம் வாயில் இருப்பதன் ருசியைப் பாதியாக்குவார்கள். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. பண்ணியும் விடுவார்கள்.

ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் வசிக்கும் ஹேமநாதன் இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்தியவர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர், தான் செய்வதில் மட்டும் குறையே வராது என்று நம்பினார். மெல்போர்னில் இருக்கும் மைத்துனன் அஸ்வின் லீவில் வருவதாகச் சொல்லி, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டான். நீங்களும் நானும் சாக்லேட் என்றிருப்போம், மிஞ்சினால் சென்ட். ஹேமநாதன், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற கிட் ஒன்று வேண்டும் என்றார்.

எந்த கிட்? அங்கேதான் ஆராய்ச்சி தொடங்கியது. கேன்டீனில், ரயிலில், சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வீடியோ பார்த்தார். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை அவர் மதிப்பதில்லை. ஒற்றை நட்சத்திரக்காரன்தான் உண்மை பேசுவான் என்பது அவர் கொள்கை. காசு கொடுக்கப்போவது நான்தானே மாமா, நல்லதாகவே வாங்குகிறேன் என்று அஸ்வின் கெஞ்சிப் பார்த்தான். அடுத்தவர் காசிலும் மலிவானதையே வாங்குவதல்லவா இந்த இனத்தின் தர்மம்? கடைசியில் வந்து சேர்ந்தது, இருப்பதிலேயே மலிவான கிட். அதில் முளைவிட்ட பார்லியில் செய்த மால்ட் பாகு ஒரு டின், ஈஸ்ட் ஒரு சிட்டிகை, செய்முறைத் தாள் ஒன்று. மற்றதெல்லாம் உங்கள் பாடு.

“மத்ததுல இன்னா கீது? டிரம்மும் டியூபும்தான,” என்றார் ஹேமநாதன்.

டிரம் பூந்தமல்லியில் ஃபாரூக்கின் பிளாஸ்டிக் கடையில் வாங்கினார். பழைய வாட்டர் ஃபில்டரின் குழாயைக் கழற்றி அதில் பொருத்தினார். நொதிக்கும்போது வருகிற காற்று வெளியேற, மருந்துக்கடையில் வாங்கிய சலைன் டியூபின் ஒரு முனையை டிரம்முக்குள்ளும் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலிலும் செருகினார். தாளில் சர்க்கரை என்று போட்டிருந்த இடத்தில் நாட்டுச் சர்க்கரையைக் கொட்டினார். அது உடம்புக்கு நல்லதாம். பீர் உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

குளுமையான இடத்தில் வைக்கவும் என்றது தாள். மே மாதத்து ஆவடியில் குளுமையான இடம் எது? குளியலறை. டிரம்முக்கு ஈர லுங்கி சுற்றி, வாசலில் டேபிள் ஃபேனும் வைத்தாயிற்று. வீட்டார் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துவைக்கும் கல்லருகே குளித்தார்கள். மனைவி மைதிலி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

உலகத்து விமர்சனங்களையெல்லாம் படித்தவர் அதை மட்டும் படிக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தார். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். சர்க்கார் வேலைக்கே உலை வைத்துவிடும். உடனே கொட்டிவிடலாம் என்றாள் மைதிலி. கொட்ட மனம் வந்தால் அவர் எப்படி இந்த இனத்தில் இருக்க முடியும்? இன்னும் கொஞ்ச நாளில் தயாராகிவிடும், குடித்துத் தடயத்தை அழித்துவிடலாம் என்று சமாதானம் சொன்னார்.

அதற்குள் இருதயராஜ் வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், மதுவிலக்குப் பிரிவில் ஏட்டாக இருந்து ரிடையர் ஆனவர். ஏரிக்கரை ஏரிக்கரையாகப் போய்ச் சாராய ஊறல் பானைகளை உடைத்தவர். சாக்கடை அடைத்துக்கொண்டது பற்றிப் பேச வந்து கூடத்தில் நின்றவர் காதில், குளியலறையிலிருந்து ‘ப்ளக்’ என்று குமிழி உடையும் சத்தம் விழுந்தது. பேச்சை நிறுத்தினார். மூக்கு தானாக நிமிர்ந்தது.

மூட்டு வலிக்குக் கஷாயம் போட்டிருப்பதாக ஹேமநாதன் சொன்னார். இருதயராஜ் நேராகக் குளியலறைக்குள் போனார், ஒரு டம்ளர் கேட்டார். மைதிலி கொண்டுவந்து கொடுத்தாள். பிடித்தார், முகர்ந்தார், ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து துப்பினார்.

“பயப்படாத தாயி. சர்வீஸ் பூரா ஊறல் புடிச்சவன் நானு. இது சரக்கே இல்ல. எந்தக் கோர்ட்லயும் கேஸ் நிக்காது.”

மைதிலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் ஹேமநாதனின் முகம் சுண்டிவிட்டது.

“இல்லண்ணே. இது பீருதான்,” என்றார்.

மைதிலி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இது பீர் இல்லை, கெட்டுப்போன பானகம் என்றார் இருதயராஜ். அவ்வளவுதான், ஹேமநாதன் பரணிலிருந்து மால்ட் டின்னை இறக்கினார். ஈஸ்ட் பாக்கெட்டைக் காட்டினார். செய்முறைத் தாளை வரிவரியாகத் தமிழில் சொன்னார். என்றைக்கு ஊற்றினார், டிரம் எங்கே வாங்கினார், கிட்டைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது யார், எல்லாம் சொன்னார், மைத்துனனைக்கூட விட்டுவைக்கவில்லை. குற்றத்தை மறைக்கப் பொய் சொன்னவர்கள் எத்தனையோ பேரை இருதயராஜ் பார்த்திருக்கிறார். நான்தான் குற்றவாளி, தயவுசெய்து நம்புங்கள் என்று மன்றாடுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தார்.

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சரி நைனா, பீருன்னே வெச்சிக்குவோம். இப்ப இன்னா, ஸ்டேஷனுக்குப் போலாமா, கீய ஊத்திர்லாமா?”

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஹேமநாதன் சற்று யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மைதிலி போய் டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டாள்.

இருதயராஜ் எந்த அதிகாரியிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ருசியைப் பற்றி டீக்கடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெருவே சிரித்தது. மறுக்கவும் முடியாமல், மெச்சிக்கொள்ளவும் முடியாமல் தலைகுனிந்து நடந்த ஹேமநாதன், ஒரு சாயங்காலம் கேட் அருகே இருதயராஜை மடக்கி, உண்மையைச் சொல்லுங்கள், ஒன்றுமே நன்றாக இல்லையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் இரங்கினார்.

“நுரை நல்லா இருந்திச்சி,” என்றார்.

அதற்குப் பிறகு ஹேமநாதன் நிமிர்ந்து நடக்கிறார். இப்போது சீஸ் பற்றிப் படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: இவ்வளவு நேரம் படித்ததில் ஏதாவது ஓர் இடத்தில், ‘இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார், நானாயிருந்தால்...’ என்று ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வைக்க வேண்டாம். அவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.