விளக்கம் தரவும்

சுரேந்தர் ‘ஆம்’ என்று அழுத்திய மறுகணமே கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் முக்கோணம் குதித்தது: ‘இந்த வேலை வேறொன்றோடு பிணைந்துள்ளது. நீக்க முடியாது.’

உரக் கம்பெனியின் சிதம்பரம் கிளை அது. யாரோ எந்தக் காலத்திலோ நேரம் குறித்து வைத்த வேலைகளெல்லாம் சர்வரில் தானாக ஓடிக்கொண்டே இருந்தன. சர்வருக்கு மூச்சு வாங்கியது. “பழசு எல்லாத்தையும் மொத்தமா டெலீட் பண்ணுங்க” என்று சென்னையிலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள். சுரேந்தர் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

முக்கோணத்தை மூடுவதற்குள் கடலூர் மேலாளர் தட்சிணாமூர்த்தியிடமிருந்து மெயில் வந்தது. ‘பிழை நடந்துள்ளது. உடனே விளக்கம் தரவும்.’

“பாத்தீங்களா மோனிகா? கடலூர்ல உக்காந்துகிட்டே எல்லாத்தையும் கவனிக்கிறாரு!”

பில் போடும் மோனிகா போன மாதம்தான் சேர்ந்தவள். “ஒரு போன் போட்டுப் பேசுங்களேன் சார்.”

“மெயில்லயே இந்தப் போடு போடுறாரு. போன்ல காது கிழிஞ்சிடும்!”

பணிவாக விளக்கம் எழுதி அனுப்பினான். கையோடு பதில் வந்தது: ‘விளக்கம் போதாது. மீண்டும் தரவும்.’

சுரேந்தர் மெயிலை இரண்டு முறை படித்தான். பிணைப்பை முதலில் அறுத்துவிட்டால் சரியாகும் என்று அறுத்தான். முக்கோணம் மூன்றானது. மெயிலும் மூன்று வந்தது. பழையபடியே வைத்துத் தொலைப்போம் என்று முன்பே நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பைப் போட்டான். நீக்கியது, நீக்காதது எல்லாம் இரண்டிரண்டாகத் திரும்பி வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒவ்வொரு முட்டலுக்கும் ஒரு மெயில்.

“சாப்பாட்டு நேரத்துலகூட விடமாட்டேங்கறாரே சார்!” என்றாள் மோனிகா.

சுரேந்தருக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனதுதான். அவர் துரத்துவதற்கு முன் நாமே மரியாதையாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ராஜினாமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினான். வழியில் குடிகாடு தொழிற்சாலைகளின் ரசாயன நெடிக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அவனுக்கு அதுகூட உறைக்கவில்லை.

மேலாளர் அறை சாத்தியிருந்தது. வெளியே ஸ்டூலில் இருந்த அட்டெண்டர் பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“தட்சிணாமூர்த்தி சாரப் பாக்கணும். சிதம்பரம் ஆபீஸ். ராஜினாமா குடுக்க வந்தேன்.”

பொன்னுரங்கம் இரக்கத்தோடு கையை நீட்டினார்.

“குடுங்க சார், சிதம்பரத்துலேருந்து இது நாலாவது. ஒருத்தராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா, சார் ரிட்டயராயி ரெண்டு வருஷமாவுது, அவரு பேர்ல வர்ற மெயில கம்ப்யூட்டரே போட்டுக்குதுன்னு சொல்லியிருப்பேன்ல!”